வெள்ளிக்கிழமை மூத்தவர்களை இறக்குவதா, உட்கார வைப்பதா?

சேலத்தில் 40 வயதைத் தாண்டியவர்கள் ஆடும் கூடைப்பந்து அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் ஒரு லீக்-கம்-நாக்அவுட் போட்டி. குழுவில் நான்கு அணிகள், அணிக்கு மூன்று ஆட்டம், முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்குப் போகும். நம் அணி இரண்டு ஆட்டம் ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஆட்டம் வெள்ளி மாலை, சனி மாலை அரையிறுதி, ஞாயிறு இறுதி. பாதிப் புள்ளிகளை எடுப்பவர்கள் மூன்று மூத்த ஆட்டக்காரர்கள். மூவருக்கும் முழங்காலில் நீ-கேப், ஒருவருக்குக் குதிகால் நரம்பு (கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண்) காலையில் எழுந்ததும் இழுக்கிறது. வெள்ளியன்று இவர்களை என்ன செய்வது?

உட்கார வை என்பவர்களும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவைத்தான் காட்டுகிறார்கள், இறக்கு என்பவர்களும் என்பிஏவைத்தான் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் அங்கே சாட்சி கிடைக்கும். அந்தச் சாட்சிகளை ஒழுங்காகப் படித்துவிட்டு நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

2013-14 பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. அதிகம் ஆடிய டோனி பார்க்கரே 29 நிமிடத்தைச் சற்றுத் தாண்டினார், அவ்வளவுதான். டிம் டங்கனுக்கு 37 வயது, மனு ஜினோபிலிக்கு 36. அப்படியும் 82 ஆட்டங்களில் 62 வெற்றி, லீக்கிலேயே முதலிடம். ஏழில் நான்கு ஜெயிக்க வேண்டிய இறுதித் தொடரில் மயாமி ஹீட் அணியை 4-1 என்று சாய்த்தார்கள். இதை ‘ப்ளேஆஃபுக்கு (லீக் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்றுக்கு) முன் ஓய்வு’ என்று சொல்வது பாதி உண்மை. அவர்கள் கடைசி வாரத்தில் திடீரென ஓய்வெடுக்கவில்லை. பருவம் தொடங்கிய அக்டோபர் முதலே நிமிடங்களைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து ஆடினார்கள். மூத்தவர்களின் கால் மிச்சமானது ஒரு பலன். பெஞ்சில் இருந்தவர்கள் ஆட்டக்காரர்களாக வளர்ந்தது இன்னொரு பலன். இரண்டாவதுதான் பெரிது என்பேன்.

அதற்குச் சான்று ஓராண்டு முன்னாலேயே கிடைத்துவிட்டது. 2012 நவம்பரில் ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பொபோவிச், மயாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார். லீக் நிர்வாகம் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. எல்லாரும் அபராதத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள், ஸ்கோரை மறந்துவிட்டார்கள்: மிச்சமிருந்தவர்கள் நடப்பு சாம்பியனிடம் 105-100 என்றுதான் தோற்றார்கள். பெஞ்சை ஆடவிட்டுப் பழக்கிய அணிக்குத்தான் இப்படி ஐந்து புள்ளியில் தோற்க முடியும். பழக்காத அணி முப்பதில் தோற்கும்.

எதிர்ப்பக்கச் சாட்சி 2009-10 பாஸ்டன் செல்டிக்ஸ். கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ரே ஆலன் மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். முதல் 28 ஆட்டங்களில் 23 வெற்றி. அப்புறம் 27-க்கு 27 என்று தள்ளாடி, 50 வெற்றியோடு கிழக்குப் பிரிவில் நான்காமிடம். கதை முடிந்தது என்று எழுதப்பட்ட அணி, 61 ஆட்டம் வென்ற கிளீவ்லாந்தையும் 59 வென்ற ஒர்லாண்டோவையும் வீழ்த்தி இறுதிக்குப் போனது. கார்னெட் முந்தைய பருவத்து முழங்கால் காயத்திலிருந்து மெல்லத் தேறி வந்தார். பாதிப் பருவம் தடுமாறியதால் குடி முழுகவில்லை. ஆனால் விலை இருந்தது. ஏழாவது ஆட்டம் 57 வெற்றி பெற்ற லேக்கர்ஸின் சொந்த மைதானத்தில். மூன்றாவது குவார்ட்டரில் 13 புள்ளி முன்னிலை பெற்றும் 83-79 என்று தோற்றார்கள். சென்டர் கென்ட்ரிக் பெர்கின்ஸ் ஆறாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய் வெளியேறியிருந்தார். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) லேக்கர்ஸுக்கு 53, செல்டிக்ஸுக்கு 40. கால் தளர்ந்த அணியைக் காட்டிக்கொடுப்பது முதலில் ரீபவுண்ட்தான், ஷூட்டிங் அப்புறம்.

பழைய உதாரணம் வேண்டுமென்றால் அதே செல்டிக்ஸ், 1969. பில் ரஸலுக்கு 35 வயது, ஆட்டக்காரரும் அவரே பயிற்சியாளரும் அவரே. கிழக்கில் நான்காமிடம் பிடித்த அணி, ஏழாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போய் 108-106 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. லீக் இடத்தை இழந்தும் கோப்பை வரலாம் என்பதற்கு அது சாட்சி. அடிக்கடி வரும் என்பதற்கு அல்ல.

முழு வேகத்தில் ஓடுவதற்கும் உதாரணம் உண்டு. கேட்கச் சங்கடமான உதாரணம். 2013 ஏப்ரலில் 34 வயது கோபி பிரையண்ட், லேக்கர்ஸை எப்படியாவது ப்ளேஆஃபுக்குள் தள்ளிவிட வேண்டும் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறத்தாழ முழு நேரமும் ஆடினார். போர்ட்லாந்தில் 48 நிமிடமும் வெளியே வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் குதிகால் நரம்பு அறுந்தது. அந்தக் காலோடு இரண்டு ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டு வெளியேறினார். அணி ப்ளேஆஃபுக்குப் போனது. முதல் சுற்றிலேயே ஸ்பர்ஸிடம் 4-0. நரம்பு அறுந்ததற்கு நிமிடங்கள்தான் காரணம் என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் 34 வயதுக் காலை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட வேண்டுமா என்று கேட்கலாம்.

ஓய்வுக் கட்சிக்கும் ஒரு குட்டு. ஆட்டங்களைத் தவிர்த்து ஓய்வெடுத்தவர்களுக்கு அதன்பின் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2024 தொடக்கத்தில் வந்த என்பிஏவின் சொந்த ஆய்வு சொன்னது. லீக் தன் டிக்கெட் வியாபாரத்தைப் பார்த்துச் சொன்னதா என்று சந்தேகப்படலாம். ஆனாலும் ‘உட்கார்ந்தால் காயம் வராது’ என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி நம் ஊர். அங்கே 82 ஆட்டம், ஆட்டத்துக்கு 48 நிமிடம், ஏழில் நான்கு ஜெயித்தால் போதும். இங்கே சர்வதேச விதிப்படி பத்து பத்தாக 40 நிமிடம், நாக்-அவுட்டில் ஒரே ஆட்டம், தோற்றால் பையைக் கட்டலாம். அங்கே லீக் இடம் தருவது சொந்த மைதானம். இங்கே எல்லா ஆட்டமும் ஒரே மைதானம், லீக் இடம் தருவது அரையிறுதி எதிராளியை மட்டுமே. ஆகவே முதலிடத்தின் மதிப்பு இங்கே குறைவு. அடுத்தடுத்த நாள் ஆடுவதால் களைப்பில்லாத காலின் மதிப்பு கூடுதல். இது வரை பார்த்தால் உட்கார வைப்பதே சரி என்று தோன்றும். ஆனால் புள்ளிப் பட்டியல் ஒரு பொறி வைத்திருக்கிறது.

வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1, ஆடாமல் விட்டுக்கொடுத்தால் 0. சமமானால், சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பார்ப்பார்கள். அதிலும் சமமென்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். மற்ற மூன்று அணிகளை ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். நாம் இ அணியை 6 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறோம், ஈ அணியையும் ஜெயித்திருக்கிறோம். இ அணி ஆ அணியை 4 புள்ளியில் ஜெயித்திருக்கிறது; ஆ அணி ஈ அணியை வென்றிருக்கிறது. வெள்ளியன்று நாம் ஆ அணியிடம் தோற்று, இ அணி ஈ அணியை ஜெயித்தால் மூன்று அணிகளுக்கும் இரண்டிரண்டு வெற்றி. இ அணியின் வித்தியாசம் கழித்தல் 2. நாம் 7 புள்ளியில் தோற்றால் நமக்குக் கழித்தல் 1, உள்ளே. 15 புள்ளியில் தோற்றால் கழித்தல் 9, முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தும் வெளியே. ‘ரெண்டு ஜெயிச்சாச்சு, போதும்’ என்று மூவருக்கும் முழு ஓய்வு கொடுத்த அணி சனிக்கிழமை கேலரியில் உட்கார்ந்து தட்டுவடை செட் சாப்பிட வேண்டியதுதான். போட்டிக்கு முன் நடக்கும் மேனேஜர் மீட்டிங்கில் சமன் விதி என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் சில இடங்களில் விதியைச் சுருக்கி வைத்திருப்பார்கள்.

சரி, நிமிடக் கணக்கு. 40 நிமிடம், ஐந்து பேர்: ஆக ஓர் ஆட்டத்துக்கு 200 ஆள்-நிமிடம். பத்துப் பேர் ஆடுகிற அணி என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் மூவரும் ஆளுக்கு 32 நிமிடம் ஆடினால் 96 போய், மற்ற ஏழு பேருக்கு 104. தலைக்கு 15 நிமிடம். மூவரையும் 24-க்கு இறக்கினால் 72 போக மிச்சம் 128. தலைக்கு 18 சொச்சம். மூத்தவர்களுக்கு எட்டு எட்டு நிமிடம் மிச்சம். மற்றவர்கள் கொடுக்கும் விலை தலைக்கு மூன்றரை நிமிடம்கூட இல்லை. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஓய்வை முதல் லீக் ஆட்டத்திலிருந்தே வாங்காமல், கடைசி நாளில் மொத்தமாக வாங்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான அணிகள் செய்யும் தவறு. ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்து ஓட்டுகிற அணிக்கு இந்த வழியே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழு பேர் என்றால் சராசரியே 28 நிமிடத்தைத் தாண்டும். அங்கே குறைக்க நிமிடம் இல்லை, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பந்தை நடத்திக் கொண்டுபோய் (8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டினால் போதும்), ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 விநாடியில் பதினைந்து விநாடியையாவது பாஸைச் சுற்றவிட்டே கரைத்துவிட்டு ஷாட் எடுப்பது நல்லது. ஆட்டத்தில் மொத்தம் ஓட வேண்டிய தடவைகளே குறைந்துவிடும். இரண்டு-மூன்று ஜோன் டிஃபென்ஸும் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளை அல்ல, இடத்தைக் காப்பது) காலை மிச்சப்படுத்தும்; ஆனால் ஜோனில் யார் யாரை பாக்ஸ் அவுட் செய்வது (ரீபவுண்டுக்கு வராமல் உடம்பால் மறிப்பது) என்பது குழம்பும், எதிரணிக்கு இரண்டாவது ஷாட் கிடைத்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடித்த ஓட்டமெல்லாம் அதில் போய்விடும். கெட்டது எது என்றால், ஆள் மைதானத்தில் இருந்துகொண்டே டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடாமல் நிற்பது, ரீபவுண்டுக்கு இடுப்பைப் போடாமல் கையை மட்டும் தூக்குவது. ஓய்வாக நினைத்துச் செய்கிற இந்த அரை ஆட்டம்தான் இருக்கிற வழிகளிலேயே மட்டமானது. கால் குளிர்ந்துபோகும், திடீரென ஒரு ஃபாஸ்ட் பிரேக்குக்குப் பாயும்போது கெண்டைக்கால் கிழியும். பக்கத்திலிருப்பவருக்கு ஐந்து ஃபவுல் ஏறி வெளியே போவார். ஆடினால் ஆட வேண்டும், இல்லையென்றால் உட்கார வேண்டும்.

முழு ஓய்வில் என்ன கெடுகிறது? இரண்டு மூன்று நாள் ஓய்வில் தசைபலம் குறையாது. பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஓடாமல் இருந்தால் மூச்சு குறையத் தொடங்கும். அதற்கு முன்பே போவது ஆட்டத்தின் நேரக்கணிப்பு: பாஸ் எங்கே வரும், கட் எப்போது என்ற பழக்கம். இன்னொரு சிக்கல், பத்து நாள் சும்மா இருந்த காலை அரையிறுதியில் 35 நிமிடம் ஓட வைப்பது. வயதேறிய நரம்புக்கும் தசைக்கும் இப்படித் திடீரென்று ஏறும் சுமை ஆகாது. வாரக் கடைசியில் மட்டும் ஆடும் முப்பது, நாற்பது வயது ஆண்களிடம்தான் குதிகால் நரம்பு அறுதல் அதிகம் பார்க்கிறோம்.

ஆகவே கடைசிப் பத்து, பதினான்கு நாளில் செய்ய வேண்டியது அளவைக் குறைப்பது, வேகத்தைக் குறைப்பதல்ல. ஓட்டம், நீச்சல், சைக்கிள் வீரர்களிடம் செய்த ஆய்வுகள் ஒத்துச் சொல்வது இதைத்தான்: பயிற்சி அளவை 40 முதல் 60 சதவீதம் குறை, வேகத்தை அப்படியே வை, நாட்களை அதிகம் வெட்டாதே. கூடைப்பந்துக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம். வாரம் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் ஆடுகிற அணி, முதல் வாரத்தில் நான்கு நாளும் ஒரு மணி நேரம். இரண்டாவது வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம். அதில் பத்து நிமிடம் முழுவேக ஐவர்-ஐவர், மிச்சம் செட் ஆட்டமும் ஃப்ரீ த்ரோவும். மைதானத்தைச் சுற்றி ஓடும் ஓட்டம் முழுக்க நிற்கும். சுமையை அளக்க வாட்ச் எதுவும் வேண்டாம். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து ஒவ்வொருவரும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 10-க்கு மதிப்பெண் போடட்டும்; அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 7 மதிப்பெண், 60 நிமிடம் என்றால் 420. வாரக் கூட்டுத்தொகை முந்தைய வாரத்தைவிடத் திடீரென்று ஏறவே கூடாது.

நாக்-அவுட்டுக்கு முன் ஏற்காடு போய் நாலு நாள் குளிரில் பயிற்சி எடுத்தால் தெம்பு கூடும் என்றொரு யோசனை சேலத்தில் வராமல் இருக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர். உயர வித்தியாசத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே எட்டு டிகிரி குளிர்ச்சி. இரவு தூக்கம் நன்றாக வரும், அது பலன்தான். ஆனால் ரத்தத்தில் மாற்றம் வர அந்த உயரமும் போதாது, நாலு நாளும் போதாது. இழப்பு இன்னொரு பக்கம். சேலத்து வெயிலில் உடல் பழக பத்துப் பதினான்கு நாள் ஆகிறது: வியர்வை சீக்கிரம் தொடங்கும், உப்பு குறைவாக வெளியேறும், இதயத் துடிப்பு அடங்கும். குளிரில் ஒரு வாரம் இருந்தால் இதில் ஒரு பங்கு கரைந்துவிடும். போதாததற்கு, காலையில் மலைச்சாலையில் இறக்கத்தில் ஓடிப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். இறக்க ஓட்டம் தொடைத் தசையை இழுத்து உடைக்கும். வலி இரண்டாம் நாள்தான் உச்சம். புதன் ஓடினால் வெள்ளி படிக்கட்டு இறங்க முடியாது. குடும்பத்தோடு ஏரியில் படகு விட்டுவிட்டு வரட்டும், பயிற்சியைச் சேலத்திலேயே வையுங்கள். போட்டியே ஏற்காட்டில் என்றால் கணக்கு தலைகீழ்: முந்தின நாளே ஏறிவிடுவது நல்லது, இருபது கொண்டை ஊசி வளைவைக் கடந்து வாந்தியோடு இறங்கி உடனே வார்ம்-அப் செய்வது வேலைக்கு ஆகாது. கீழே காற்றடித்த பந்து மேலே கல் மாதிரி இருக்கும், கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள்ள வேண்டும்.

வெயில் சும்மா துணைத் தலைப்பு அல்ல. 2014 இறுதியின் முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அரங்கில் ஏசி பழுதாகி வெப்பம் 32 டிகிரி வாக்கில் ஏறியது. லெப்ரான் ஜேம்ஸ் அப்போது 29 வயதுக்காரர். நான்காவது குவார்ட்டரில் குரக்களி பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த 32 டிகிரி சேலத்தில் மே மாத மாலை நேரச் சாதாரணம். ஸ்பர்ஸ் நிமிடங்களைப் பகிர்ந்து ஆடிய அணி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அன்று 110-95 என்று ஜெயித்தது அவர்கள்தான்.

வெள்ளி ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போக வேண்டும், தூங்குவதற்குள், கொஞ்சம் கொஞ்சமாக. ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். உப்புப் போட்ட நீர்மோரும் தயிர்சாதமும் வாழைப்பழமும் ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் போனால் சனி மாலைக்குள் கால் ஓரளவு நிரம்பும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஆடுவது வேண்டாம். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். நெஞ்சு இறுக்கம், தாடை வலி, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் அது ஓய்வு கொடுத்துப் பார்க்கிற விஷயமல்ல, நேரே மருத்துவமனை.

இனி வெள்ளி. எங்கள் தீர்ப்பு: மூவரும் இறங்க வேண்டும், ஆளுக்கு 14 நிமிடம். முதல் குவார்ட்டரின் முதல் ஐந்து, இரண்டாவதின் கடைசி நான்கு, மூன்றாவதின் முதல் ஐந்து. மற்ற ஏழு பேருக்குத் தலைக்கு 22, 23 நிமிடம் வரும். அவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியாயிற்று, ஆகையால் அதற்குள் யாரும் 26-ஐத் தாண்டாமல் பயிற்சியாளரின் பக்கத்தில் ஒருவர் பேப்பரில் நிமிடம் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். குதிகால் இழுப்பவர் மட்டும் விலக்கு. காலையில் ஒற்றைக் காலில் நின்று பத்து முறை குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். வலித்தாலோ மற்றக் காலைவிடத் தூக்கும் உயரம் குறைந்தாலோ அன்று அவருக்கு ஷூவே வேண்டாம்.

நான்காவது குவார்ட்டரில் மூத்தவர்கள் பெஞ்சில். ஆனால் ஷூ கயிற்றை அவிழ்க்கக் கூடாது, ஐஸ் கட்டக் கூடாது. எட்டு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்த கால் இறுகிவிடும்; அதனால் பெஞ்சுக்குப் பின்னால் நடந்துகொண்டும் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டும் இருக்கட்டும். இரண்டாம் பாதியில் மூன்று டைம்-அவுட் உண்டு, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அதில் இரண்டைத்தான் எடுக்க முடியும். ஆகவே ஒன்றை ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடலாம். அப்போது ஸ்கோர்போர்டைப் பாருங்கள். நாலைந்து புள்ளியில் பின்தங்கியிருந்தால் விட்டுவிடலாம். 9 என்று காட்டினால் மூவரில் இருவரை உள்ளே அனுப்புங்கள், ஜெயிக்க அல்ல, 7-க்குக் கொண்டுவர.